அம்மா பதில் சொன்ன வகுப்பு

நான் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியலில் சேர்ந்த வருஷம் கொரோனாவால் பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்தது. எல்லாம் ஆன்லைன் என்றதும் எனக்கு ஒரே கொண்டாட்டம். வீடு இருக்கும் டாலிகஞ்சிலிருந்து மெட்ரோவில் நசுங்கிப் போக வேண்டாம். தலைகூடச் சீவ வேண்டாம்.

அது இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. திரையில் கறுப்புக் கட்டங்களும் பெயர்களும்தான். பேராசிரியர், "கேட்குதா? யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். நான் வருகையைப் பதிந்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

அடுப்படியிலிருந்து அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அம்மா வங்காளத்திலேயே, கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர். கல்யாணத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்டவர். வங்காள மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஜனவரியில் ஒருநாள் காலை, பேராசிரியர் வங்காளத்தில் கேட்டார்: "குளிர்காலத்துல தயிர் உறைய ஏன் நேரமாகுது?"

அன்று நான் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். அம்மா வங்காளத்திலேயே உரக்கச் சொன்னார்: "சூடு பத்தலன்னா கிருமி எப்படிப் பெருகும்? நான் பாத்திரத்தைப் போர்வையில சுத்தி வெச்சிடுவேன்."

நான் ஓடி வருவதற்குள் பேராசிரியர், "யார் அது?" என்றார்.

"என் அம்மா, ஸார். மன்னிச்சிடுங்க."

"எதுக்கு மன்னிப்பு? இத்தனை நாள்ல எனக்குக் கிடைச்ச முதல் பதில் இது!"

ஒவ்வொருவராக மைக்கைத் திறந்து சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பை அன்றுதான் முதலில் கேட்டேன். அம்மாவைக் காட்டச் சொன்னாள் ஒருத்தி. சால்வையும் கரண்டியுமாக அம்மா வந்து நின்றதும், "மாஷிமா!" என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டார்கள்.

அடுத்த வகுப்பில் ஏழெட்டு முகங்கள் தெரிந்தன. யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. சந்தேகம் கேட்கத் தொடங்கினோம். பாடம் முடிந்தும் அரட்டை ஓடியது. அம்மா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புரியாததைக் காதோடு கேட்பார். எனக்கும் பாதி புரிந்திருக்காது. இருவருமாக விழிப்போம்.

பல்கலைக்கழகம் திறந்தபோது மற்றவர்கள் ஆய்வகத்துக்குப் போகத் துடித்தார்கள். எனக்கு மட்டும் மனசு வரவில்லை.

"வீட்டுலேர்ந்தே படிச்சிடறேனேம்மா."

"அசடு, எத்தனை நாளைக்குப் படத்துலயே கிருமியப் பாப்ப? மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

போனேன். சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், "இன்னிக்கு என்ன பாத்த?" என்றார். ஈஸ்ட் மொட்டு விடுவதைப் பார்த்தேன் என்று சொல்லி, ஒரு தாளில் வரைந்து காட்டினேன்.

"இது பிரியறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

தெரியவில்லை. நாளைக்குக் கேட்டு வருகிறேன் என்றேன்.