சுவரை அழித்தேனா

எர்ணாவூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். படம் முடியும் முன்பே தியேட்டரிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். சின்ன வயதில் என்னோடு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த நண்பன், நகராமல் நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து பின்னாலேயே ஓடிவந்தான்.

"இன்னா மாமு, உன் கதைய எடுத்து வெச்சிகீறானுங்க, நீ பாட்டுக்கு எய்ந்து வந்துட்ட?"

படத்தில் ஒரு பையன், இல்லத்துச் சுவரில் கரித்துண்டால் வார்டனைக் கிண்டல் செய்து எழுதுகிறான். அடி விழுகிறது. அழிக்க மாட்டேன் என்று நிற்கிறான். அந்த இடத்தில்தான் எழுந்தேன்.

நானும் எழுதியவன். சாம்பாரில் பருப்பைத் தேடிப்போன வார்டன் திரும்பி வரவில்லை என்று, சமையலறையின் பின்சுவரில். அதுவரை சந்தேகமில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் குழப்பம். அங்கே டிவி பழுதாகியே கிடக்கும். சாயங்காலமானால் யாராவது ஒருவன் தான் பார்த்த படத்தைக் கதையாகச் சொல்லவேண்டும். கதையில் சண்டை குறைந்தால் கேட்பவர்கள் கத்துவார்கள், சொல்பவன் சேர்த்துக்கொள்வான். படங்கள் தீர்ந்ததும் நண்பன் என் சுவரைக் கதையாக்கினான். புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொன்னான். நானும் கூட உட்கார்ந்து கேட்டுக் கைதட்டினேன்.

"நான் அழிச்சேனா, இல்லியா? நெஜத்த சொல்லு."

"நீயாவது, அழிக்கிறதாவது! லத்தியே ஒடஞ்சிது நைனா."

"லத்தி நீ சேத்தது."

"லத்தி சேத்தேன்பா. மத்தது நெஜம்." கொஞ்சதூரம் போனபின், "நெஜம்னுதான் நெனைக்கிறேன்," என்றான்.

ஈரச் சுண்ணாம்பு உள்ளங்கையில் எரிந்தது எனக்கு நினைவிருக்கிறது; எழுத்தின் மேல் பூசி அழித்தபோது எரிந்ததாக இருக்கலாம். அது வேறொரு நாள், வெள்ளையடிக்க விட்டபோது எரிந்ததாகவும் இருக்கலாம்.

அப்போது எனக்கு வேலை இல்லை. நண்பன் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருந்தான். அடித்தும் அழிக்காத ஆள் என்று என்னைப் பற்றி அவனுடைய மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருந்தான். அவருக்குக் கதை பிடித்துப்போய், ஆளைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார்.

"கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லு. பேஜாரு பண்ணாத."

மறுநாள் காலை மேஸ்திரி கேட்டேவிட்டார். "செவுத்துல எய்துன ஆளு நீதானா? கடைசிவரைக்கும் அழிக்கவேயில்லியாமே?"

நண்பன் என்னையே பார்த்தான்.

"எய்துனது நான்தாண்ணா. அழிச்சேனா இல்லியான்னு தெர்ல."

"தெர்லியா? நல்லா போய்க்கினு இருந்த கதைய கலீஜ் பண்ணிட்டியேபா." கொஞ்சநேரம் என் கைகளைப் பார்த்தார். "சரி, கம்பியப் புடி."

நண்பன் முன்முனையைத் தூக்கினான், நான் பின்முனையை. லாரியில் கம்பி ஏற்றும் வேலை.