இரண்டு இடது கால் பூட்ஸ்

அப்பாவின் நெற்றியில் ஏழு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. திருவொற்றியூர் இரும்பு உருக்காலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது லத்தியடியில் வாங்கியது. "நெஞ்ச நிமித்திகினு நின்னேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அன்று சோறு கொண்டுபோன அம்மா பார்த்தது வேறு.

ஆலை வாசலில் பந்தல். உள்ளே மாலை போட்ட தலைவர் படம் இருந்ததால் எல்லாரும் பூட்ஸை வெளியே கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். போலீஸ் அடிக்க வந்ததும் மற்றவர்கள் வெறுங்காலோடு ஓடிவிட்டார்கள். இவர் மட்டும் ஒரே மாதிரி கிடந்த கறுப்பு பூட்ஸ் குவியலில் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்த மனிதருக்கு, பூட்ஸ் இல்லாமல் ஆலைக்குள் விடமாட்டார்களே என்ற கவலை!

"ஓடாம இன்னாய்யா பண்ணிகினு கீற?" என்று அம்மா கத்தினாளாம்.

"ஜோடிய தேடிகினு கீறேன்!"

அதைச் சொல்லத்தான் நிமிர்ந்தார். நெற்றியில் விழுந்தது.

ரத்தம் சொட்டச் சொட்ட இரண்டு பூட்ஸோடு வீடு வந்தார். இரண்டுமே இடது கால். வேலைநிறுத்தம் முடிந்து, புது பூட்ஸ் தரும்வரை அவற்றையே மாட்டிக்கொண்டு ஆலைக்குப் போனார். இரண்டு வலது கால் பூட்ஸோடு எவரோ இவரைத் திட்டிக்கொண்டே நடந்திருப்பார்.

போன மாதம் கல்மண்டபத்தில் சொந்தக்காரர் கல்யாணம். அப்பா தன் செருப்பை மஞ்சப்பையில் சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையேறினார். என் மானம் கப்பலேறியது. பரிசு என்று நினைத்த மாப்பிள்ளை சிரித்தபடி பையைப் பிடித்து இழுத்தார்.

லத்திக்கே விடாதவர், மாப்பிள்ளைக்கா விடுவார்?