மொட்டைக் கடிதமும் சாக்சபோனும்

முப்பது ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் மொட்டைக் கடிதம் எழுதக் கூடாது. சுனாமிக்கு மறுவருடம் நான் எழுதினேன்.

எங்கள் ஊர்க் கடலோரக் குருசுக்குப்பத்து சேவியர் என் பள்ளித் தோழன். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் இருவரும் கிளாரினெட் ஊதினோம். பிறகு நான் கோப்புகளைக் கட்டிக்கொண்டேன். அவன் பாரீசுக்குப் போய், ஜாஸ் குழுக்களில் சாக்சபோன் வாசித்துப் பெயர் வாங்கினான். ஊர் திரும்பியவன் கடற்கரையில் கச்சேரி செய்யப்போகிறான் என்ற சுவரொட்டியைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஒலிபெருக்கி அனுமதியில் குறை இருப்பதாகப் பெயர் போடாமல் புகார் அனுப்பினேன். அனுமதியை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் புகாரின் நகலோடு அவனே வீட்டுக்கு வந்தான்.

"பொருள், பார்வை, விதி எண், மூணு பேருக்கு நகல். மொட்டக் கடுதாசிய இவ்ளோ ஒழுங்கா எழுத, ஒன்ன விட்டா இந்த ஊர்ல யாருடா இருக்கான்?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவன் உட்கார்ந்தான்.

"திங்கக்கெழம முன்பல்லு நாலையும் எடுக்கறாங்க. அப்புறம் எதால கடிச்சு ஊதறது? சனிக்கெழம கடைசியா வாசிச்சிடறேன். பதில் மனுவையும் நீயே எழுதிக் குடுறா."

எழுதினேன். நானே ஒவ்வொரு மேசையாக நின்று அனுமதி வாங்கினேன்.

சனிக்கிழமை மாலை அவன் கண்களை மூடிக்கொண்டு வாசித்தான். அன்றே திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். பொறாமை குறையவே இல்லை. ஆனால், அவன் நிறுத்திவிடக் கூடாதே என்று முன்வரிசையில் வேண்டிக்கொண்டிருந்தவனும் அதே பொறாமைக்காரன்தான்.