இடது பக்கத்துக் கிளட்ச்

மேம்பாலத்து ஏற்றத்தின் பாதியில் கார் நின்றுவிட்டது. இன்ஜின் மட்டும் அலறிக்கொண்டிருந்தது.

"கிளட்ச்ச விடும்மா. கால எடு."

"எடுத்துட்டனுங்க சார்."

"எடுத்தா வண்டி ஏன் போவல? கீழ பாக்காத, முன்னாடி பாரு. கால எடுன்றேன்ல."

"எடுத்துட்டேன் சார். பெடல்தான் மேல வரமாட்டீங்குது."

கார் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், அவர்கள் இருவருடைய வம்சத்தையும் கன்னடத்தில் விசாரித்தார். கார் பழக்கிக்கொண்டிருந்த ரெமிஜியஸ் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார், ஹாண்ட்பிரேக்கை இழுத்தார், கண்ணாடியை இறக்கி ஆட்டோக்காரருக்கு அதே கன்னடத்தில் பதில் கொடுத்தார். பிறகு ஓட்டும் இருக்கையிலிருந்த தாரணியின் பக்கம் திரும்பினார்.

"கிளட்ச் இன்னா உங்க ஆபீஸ் நாற்காலியா, கால் நீட்டிக்கினு உக்கார? எறங்கு."

இருவரும் இறங்கி இடம் மாறினார்கள். ரெமிஜியஸ் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து விட்டார். பெடல் தரையிலிருந்து சமர்த்தாக எழுந்து வந்தது. மறுபடி மிதித்தார், மறுபடி வந்தது. ஏற்றத்தில் கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் ஏறியது.

"இன்னா கோளாறு இதுல? சொல்லு."

தாரணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெருந்துறையிலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். வியாழக்கிழமை அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். பொய் சொன்னவளாகத் தன்னை ஒருவர் பார்க்கும்போது எந்தப் பதிலும் பொய்யாகத்தான் கேட்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

காக்ஸ் டவுனில் ரெமிஜியஸின் கோபம் பிரசித்தம். பல வருடம் ஒரு கம்பெனி மானேஜருக்குக் கார் ஓட்டி, அந்தக் கம்பெனி ஊரைவிட்டுப் போனதும் ரகுராமின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர். பெண்ணுக்குக் கார் பழக்க வேண்டுமென்றால் தகப்பன்மார் அவரையே கேட்டு வருவார்கள். அவரிடம் அழாமல் லைசென்ஸ் வாங்கியவர் கிடையாது என்பார்கள். அதைப் புகழ்ச்சியாகச் சொன்னவர்கள் யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்கள் அல்ல. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரிடம் பழகியவர்கள் ரோட்டில் ஒழுங்காக ஓட்டினார்கள். கிளட்ச்சில் கால் வைத்தபடியே ஓட்டுகிற கெட்ட பழக்கம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. உலகத்திலேயே அவர் மிகவும் வெறுத்த பழக்கம் அது.

டிரைவிங் ஸ்கூல் காரில் எல்லாம் இரட்டை. வலது பக்கம் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இடது பக்கம் சொல்லிக்கொடுக்கிறவருக்கு அதே போல ஒன்று. இரண்டையும் அடியில் ஒரு இரும்புக் கம்பி இணைக்கும். ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கமும் தாழும். ஆபத்து வந்தால் கற்றுக்கொள்கிறவரின் காலை நம்பி இருக்க வேண்டியதில்லை.

அந்த வாரம் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது அது முதல் தடவை அல்ல. தாரணிக்கு முன் இன்னும் இரண்டு பேரிடம் அப்படி ஆகியிருந்தது. அவர்களையும் ரெமிஜியஸ் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் ஏற்றத்தில் வண்டி பின்னால் போனது அவரை உலுக்கியிருக்க வேண்டும். அன்று மத்தியானமே காரைக் கோவிந்தப்பாவின் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனார்.

கோவிந்தப்பா முறையாகத்தான் பார்த்தார். பெடலுக்கு மேலே எண்ணெய் கசிந்து ஈரம் இருக்கிறதா என்று கை விட்டுத் தடவினார். பானெட்டைத் திறந்து டப்பாவில் எண்ணெய் மட்டம் பார்த்தார். குழாயில் காற்று புகுந்திருந்தால் பெடல் இப்படித்தான் தொய்ந்து போகும் என்று சொல்லி, பையனை மிதிக்கச் சொல்லிக் காற்றை எடுத்தார். பெடலைத் தூக்கிவிடும் ஸ்பிரிங்கை மாற்றினார். ரப்பர் மிதியடி மடங்கிப் பெடலில் சிக்குகிறதோ என்று அதையும் உருவிப் போட்டார். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பிக்குக் கிரீஸ் வைத்தார். அத்தனைக்கும் பிறகு மிதித்துப் பார்த்தால், முன்பு எப்படி இருந்ததோ அப்படியே நன்றாக இருந்தது.

"ஏனூ இல்லா சார், ஒண்ணும் இல்ல. காடி நல்லாத்தான் கீது."

"நல்லா கீற வண்டிய எதுக்குய்யா ரெண்டு மணி நேரம் நோண்டின?"

"நீங்கதானே கொண்டாந்தீங்க. ஓட்டறவங்க கால பாருங்க சார். கோளாறு அங்க இருக்கும்."

"அத நானே சொல்லிக்கினு இருக்கேன். நீ இன்னா புதுசா சொல்ற?"

கோபத்தில் ஒரு வசதி உண்டு. கோபப்படுகிறவர் எதையும் தேட வேண்டியதில்லை. குற்றவாளி முன்கூட்டியே எதிரில் உட்கார்ந்திருப்பார். ரெமிஜியஸ் வீடு திரும்பும்போது அவருக்குக் காரில் சந்தேகமே இருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் தாரணியைத் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் அமைதியான தெருவுக்கு ஓட்டிவரச் சொன்னார். நின்று நின்று எடுக்கப் பழக்கினார். முதலில் ஒழுங்காகவே போனது. பிறகு ஒரு மாடு குறுக்கே வந்தது. தாரணி நிறுத்தினாள். மாடு போன பிறகும் எடுக்கத் தயங்கினாள்.

"மாடு கூட தெளிவா போவுது. எடும்மா."

எடுக்கப் பார்த்தாள். இன்ஜின் உறுமியது. கார் நகரவில்லை.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? கால எடு. எடுன்னா எடுக்கணும். ஊர்ல இன்னா மாட்டு வண்டி ஓட்டினியா? இந்த லட்சணத்துல வியாழக்கெழம டெஸ்ட்டுக்குப் போய் என் மானத்த வாங்கப் போற."

தாரணி ஹாண்ட்பிரேக்கை இழுத்தாள். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். இரண்டு கால்களையும் தூக்கி, முழங்கால்கள் ஸ்டியரிங்கில் முட்ட, இருக்கையின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னா பண்ற?"

"என்ற கால் ரெண்டும் மேல இருக்குதுங்க. இப்பப் பெடலப் பாருங்க."

பெடல் தரையோடு தரையாகக் கிடந்தது.

"அதான் வண்டில கோளாறு. கோவிந்தப்பா வேலய ஒழுங்கா…"

"வண்டில இல்லீங்க சார். நேத்தே நெனச்சேன், சொல்லப் பயமா இருந்துச்சு. நீங்க கத்தறப்பத்தான் அது உள்ள போவுது. உங்க காலப் பாருங்க."

"என் கால் கீழ தரையில கீது."

"பாருங்க சார்."

ரெமிஜியஸ் குனியவில்லை. தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு மனிதன் குனிய வேண்டுமா? அது அவருக்கே தெரியும். கால் தரையில் இருந்தது. அதில் அவருக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. அவளுக்குப் பாடம் சொல்வதற்காகத்தான் கடைசியில் கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தார்.

அவருடைய இடது ஷூ கிளட்ச்சின் மேல் இருந்தது. லேசாகப் பட்டுக்கொண்டு அல்ல, கடைசிவரை அழுத்தி ஊன்றிக்கொண்டு இருந்தது. தொடை விறைத்திருந்தது. அவர் காலைத் தூக்கினார். வலது பக்கம் தாரணியின் பெடல் 'டக்' என்று எழுந்து நின்றது.

அந்தச் சத்தத்தின் மேல் அவருக்கு வந்த கோபத்தைப் போல இதுவரை எந்த மாணவர் மேலும் வந்ததில்லை.

"நீ சொல்லி வச்சினு பண்ற மாரி இருக்குது," என்றார்.

"நான் என்னங்க சார் பண்ண முடியும், உங்க கால வச்சு?"

சர்க்கரை அவருக்குப் பல வருடமாக உண்டு. உள்ளங்கால் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறது என்று எப்போதோ மனைவி கேரலிடம் சொன்னதும் உண்டு. டாக்டரிடம் போகலாம் என்று அவள் ஆரம்பித்தபோது, அதை ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டு வாசலில் நின்றபோது, "செருப்பு ஒண்ண எங்க விட்ட?" என்று கேரல் கேட்டாள். பாதி வழியில் கழன்று விழுந்தது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருந்தார். செருப்புக் கடைக்காரனைத் திட்டினார். பிறகு ஷூவுக்கு மாறிவிட்டார். ஷூ கழலாது.

"இந்தா," என்றார் தாரணியிடம். "நான் கண்ண மூடிக்கிறேன். கால எங்க வச்சிருக்கேன்னு சொல்றேன். சரியான்னு நீ பாரு."

அவள் தயங்கினாள்.

"பாருன்றேன்ல."

கண்ணை மூடி, காலைத் தூக்கி வைத்தார். "கிளட்ச்."

"தரைங்க சார்."

இன்னொரு தடவை வைத்தார். "தரை."

"கிளட்ச் மேல இருக்குதுங்க."

வலது காலை எடுத்தார். அது பிரேக்குக்கானது. நெடுநேரம் தேடி ஓரிடத்தில் வைத்தார். கண்ணைத் திறந்து பார்த்தபோது ஷூவின் நுனி மட்டும் பிரேக்கின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்தது. நேற்று மேம்பாலத்தில் கார் பின்னால் உருண்டபோது மிதித்த கால் இது. அது பிரேக்கில் பட்டது தெரிந்து மிதித்ததா, தானாக அமைந்ததா என்று இப்போது அவரால் சொல்ல முடியவில்லை. ஆட்டோவுக்கும் காருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

போனை எடுத்து ரகுராமைக் கூப்பிட்டார். "வண்டில ஒண்ணும் இல்ல. கோளாறு என் கால்ல. உணர்ச்சி இல்ல."

"அப்பாடா," என்றார் ரகுராம். "கியர் பாக்ஸ எறக்கணும்னு சொல்வீங்களோன்னு பயந்துட்டேன். கால கொஞ்சம் பின்னாடி இழுத்து வச்சுக்குங்க சார், அட்ஜஸ்ட் ஆயிடும். இந்த வாரம் டெஸ்ட் பேட்ச் இருக்குது."

"பின்னாடி இழுத்து வச்சா பிரேக்க யாரு மிதிப்பா? உன் மாமனாரா?"

"இத்தன நாள் மிதிச்சீங்கல்ல?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன். வா இங்க."

ரகுராம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். நல்ல சட்டை, கையில் போன். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. சாருக்கு ரெஸ்ட் வேண்டும், ஆனால் மாதக் கடைசிவரை பொறுத்துக்கொண்டால் வேறு ஆள் பார்க்கலாம், இப்போதே விட்டால் பிறகு திரும்பிக் கூப்பிடுவது கஷ்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ரெமிஜியஸுக்குக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் புரிந்தது. இந்த இருக்கையை விட்டால் அவருக்கு வேறு இருக்கை இல்லை. வயது ஐம்பத்தெட்டு. தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

"மேடம் ஒண்ணும் கம்ப்ளெய்ன்ட் பண்ணலயே," என்று ரகுராம் தாரணியைப் பார்த்துச் சிரித்தார். "சார் கூட அட்ஜஸ்ட் பண்ணிப்பீங்கல்ல?"

"மாட்டேனுங்க. இவர் பக்கத்துல உக்காந்தா நான் ஓட்ட மாட்டேன்."

ரெமிஜியஸ் தானே ரகுராமிடம் சொல்ல வைத்திருந்த வாக்கியம் அது. தன் வாயால் சொல்லும்போது அதில் ஒரு கௌரவம் இருந்திருக்கும். அவள் வாயிலிருந்து வந்தபோது அது வெறும் உண்மையாக இருந்தது. அவளை ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. அதற்கான சொற்கள் அவரிடம் ஏராளமாக இருந்தன, எல்லாம் பழக்கப்பட்டவை.

"கேட்டியா?" என்று ரகுராமிடம் திரும்பினார். "அவ்ளோதான் விஷயம். நானும் உக்கார மாட்டேன். எவனாச்சும் ரோட்ல சாவறதுக்கு நான் கூலி வாங்க முடியாது. வேற ஆள் வர்ற வரைக்கும் நீயே வந்து உக்காரு. பொண்ணுக்கு ஏத்தத்துல பழக்கம் வேணும். இன்னிக்கே கூட்டினு போ."

"சார், எனக்கு ஆபீஸ்ல வேல…"

"ஏறு."

ரகுராம் முனகிக்கொண்டே கதவைத் திறந்து இடது இருக்கையில் உட்கார்ந்தார். தாரணி சீட்டை முன்னால் நகர்த்தி, பெல்ட்டை மாட்டி, கண்ணாடிகளைச் சரிபார்த்தாள். அந்த வரிசை ரெமிஜியஸ் கத்திக் கத்தி ஏற்றியது. ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"கோளாறு உன் கால்ல இல்லன்னு இவருகிட்ட சொல்லிட்டேன்."

"இவருகிட்டச் சொன்னீங்க. என்கிட்டச் சொல்லலீங்களே சார்."

அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகம் இறுகித்தான் இருந்தது.

"உன் கால் சரியாத்தான் இருந்துச்சு," என்றார். "நேத்து மேம்பாலத்துலயும். பொய் சொல்றேன்னு நெனச்சது என் தப்பு." பிறகு, அது போதாதென்று பட்டதோ என்னவோ, "ஏத்தத்துல அவசரப்படாத," என்றார்.

அவள் தலையாட்டினாள். மன்னித்ததாகவும் தெரியவில்லை, மன்னிக்காததாகவும் தெரியவில்லை. இன்ஜினைப் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டாள். கார் குலுங்காமல் நகர்ந்தது.

ரெமிஜியஸ் நடுத்தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. வலது பக்கத்துத் தலை நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தது. இடது பக்கத்துத் தலை குனிந்திருந்தது. ரகுராம் மடியில் போனை வைத்து விரலால் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.

"ரகுராம்," என்று கத்திக்கொண்டே ரெமிஜியஸ் காருக்குப் பின்னால் ஓடினார். "போன உள்ள வைய்யா. ரோட்டப் பாரு. நீ பிரேக்குக்கு உக்காந்திருக்க, சினிமா பாக்க இல்ல."

தெருவில் காய்கறி வண்டிக்காரர் வழிவிட்டு ஒதுங்கினார். ஓடுகிற காலைத் தரையில் எங்கே வைக்கிறோம் என்று பார்த்துப் பார்த்துத்தான் ரெமிஜியஸால் ஓட முடிந்தது. கார் மேம்பாலத்தை நோக்கித் திரும்பும் முன் ரகுராமின் தலை நிமிர்ந்ததா என்று தெரிந்தாக வேண்டும். கத்திக்கொண்டே ஓடினார்.