இடப்பக்கப் பை

வேட்டி கட்டத் தெரியாத ஆண்களை வைத்துத்தான் கலாதேவியின் பிழைப்பு ஓடியது. அதில் முதல் ஆள் அவள் புருஷன் ஜெயபாலன். தைப்பூசத்துக்கு, வீடு இருக்கும் புந்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் கோயில் போய்ச் சேர்வதற்குள் வேட்டி பாதி அவிழ்ந்திருக்கும். கைபேசியை எங்கே செருகுவது என்று வேறு தவிப்பான். திட்டித் திட்டி அலுத்துப்போய், இடுப்பில் தானே ஒட்டிக்கொள்ளும் பட்டையும் உள்ளே ஒரு பையும் வைத்து ஒரு வேட்டி தைத்துக் கொடுத்தாள். அவன் இடக்கைக்காரன், ஆகவே பை இடப்பக்கம்.

கோயிலில் பார்த்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். இணையச் சந்தை ஒன்றில் கடை போட்டாள். ஜொகூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்ட அன்று, இனி அந்த சூப்பர்வைசர் முகத்தில் விழிக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

போன தீபாவளிக்கு முன்னால் அந்தச் சந்தையே தன் பெயரில் வேட்டி விற்க ஆரம்பித்தது. தேடினால் முதலில் வருவது அதுதான். கலாதேவியின் கடை எங்கோ அடியில் கிடந்தது. விலையோ அவள் துணி வாங்கும் விலை. வயிறு எரிய, ஒன்றை வரவழைத்துப் பிரித்துப் பார்த்தாள். பை இடப்பக்கம் இருந்தது.

“ஊர்ல முக்காவாசிப் பேரு வலக்கைக்காரன். இவனுங்களுக்கு மட்டும் எப்படிங்க இடப்பக்கம் தோணுச்சு?”

ஜெயபாலன் நியாயம் பேசினான். “கடைத்தெருவே அவனுது லா. ராத்திரிச் சந்தை, பசார் மாலாம்ல இடம் கொடுக்கிறவன் தானும் ஒரு கடை போட்டா வேணாம்னா சொல்லுவோம்?”

“போடட்டும். எங்கிட்ட யாரு வாங்குறா, என்ன கேக்குறான்னு எட்டிப் பாத்துட்டுப் போடக் கூடாது. என் கடைக்கு முன்னால திரைய இழுத்து விடக் கூடாது.”

அவன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

புகார் கொடுக்கலாம் என்றால், கொடுக்க வேண்டிய இடமும் அந்தச் சந்தைதான். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதை எழுதியது மனிதப் பிறவிகூட இல்லை. வெளியே வந்துவிடலாம் என்றால், இத்தனை நாள் வாங்கியவர்களில் ஒருவர் நம்பரைக்கூடச் சந்தை அவளுக்குக் காட்டியதில்லை. கோப்பெங் கோயில் திருவிழாவில் மேசை போட்டாள். வந்தவர்கள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்தார்கள். “ஆன்லைன்ல மலிவா இருக்கே, அக்கா.”

தை பிறப்பதற்கு முன் கோலாலம்பூரிலிருந்து ஷாமினி என்றொரு பெண் கூப்பிட்டாள். சந்தையின் வேட்டிகளைத் தைத்துக் கொடுக்க ஆள் பிடிப்பது அவள் வேலை.

“அக்கா, உங்க தையல் நல்லா இருக்கு. எங்களுக்கு வீட்டுலயே தைச்சுத் தாங்க. துணி நாங்க அனுப்பிடுவோம். ஆனா நீங்க தனியா விக்கக் கூடாது.”

தொழிற்சாலையில் திரும்ப வேலை கேட்டாயிற்று, இந்த வயதில் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கலாதேவி தன் கையாலேயே கடையை மூடினாள். வாங்கியவர்கள் எழுதி வைத்த பாராட்டெல்லாம் ஒரே அமுக்கில் போயின. அன்று வாய்விட்டு அழுதாள்.

மாதிரி வேட்டியோடு துணிக்கட்டு வந்து இறங்கியது. அவளுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. இடப்பக்கப் பை அவள் புருஷனுக்காக வைத்தது. அதையாவது அவனுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஷாமினியைக் கூப்பிட்டாள்.

“பைய வலப்பக்கம் மாத்தித் தைக்கட்டுமாம்மா? நெறையப் பேருக்கு வசதியா இருக்கும்.”

“அது முடியாது, அக்கா. இடப்பக்கப் பை எங்க கம்பெனி டிசைன். யாரும் மாத்தக் கூடாது.”

கலாதேவி “சரிம்மா” என்று கைபேசியை வைத்துவிட்டு, முதல் பையை இடப்பக்கம் வைத்துத் தைக்க உட்கார்ந்தாள்.