முதலில் அவரிடம் சொன்னாள்

சவாயீ தீவின் வடகரையில் மாலகியின் பஸ்ஸைத் தெரியாதவர்கள் கிடையாது. மரப்பலகை உடம்பு, மஞ்சள் பூச்சு, நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'தேவனே சாரதி'. எழுதவைத்தவள் அவன் மனைவி மசினா. பெயிண்ட் காய்வதற்குள் மாலகி கேட்டான், "அவரு ஓட்டறாருன்னா, கிளட்சை மிதிச்சு மிதிச்சு எனக்கு ஏன் முட்டி வலிக்குது?"

"ரெண்டு பேரும்தான் ஓட்டறீங்க. அவரு முனகாம ஓட்டறாரு" என்றாள் மசினா.

அவனை நாத்திகன் என்று சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் இடுப்பில் வேட்டிபோல் சுற்றிய வெள்ளை லாவாலாவாவுமாகத் தேவாலயத்துக்குப் போவான். அந்த ஊரில் போகாமல் இருக்கத்தான் தைரியம் வேண்டும். பாட்டுக்குக் கனமான அடிக்குரல் கொடுப்பான். ஜெபம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு டயரைப் பற்றி யோசிப்பான். காற்று இறங்கின டயரை எந்த ஜெபமும் நிரப்பியதில்லை என்பது அவன் கட்சி.

அந்தச் சந்தேகத்தோடு அவன் சௌக்கியமாகவே இருந்திருப்பான். பொறாமைதான் அவனைப் படுத்தியது. கட்டினவள் இன்னொருத்தர்மேல் உயிரையே வைத்திருந்தால் எந்தப் புருஷனுக்குத்தான் வயிறு எரியாது? சனிக்கிழமை அவன் பிடித்துவரும் மீனில் கொழுத்தது போதகர் வீட்டுக்குப் போகும்; வால்பக்கம் அவனுக்கு. புதுத் தொப்பி தேவாலயத்துக்கு, சாயம் போன உடுப்பு வீட்டுக்கு. இதெல்லாம்கூடப் போகட்டும். சேப்பங்கிழங்கு சீவும்போதும் துணி அலசும்போதும் அவள் வாய் ஓயாமல் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கும். நடுவில் சிரிப்பு வேறு. "என்ன சிரிப்பு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, உனக்கில்ல" என்பாள். அந்த 'உனக்கில்ல' அவனுக்குச் சோற்றில் கல்லாகக் கடிக்கும்.

சாயங்காலம் சங்கு ஊதினால் ஊரே அடங்கிவிடும். இளவட்டங்கள் தெருவில் நின்று யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு பாயில் உட்கார்ந்து பாட்டு, வேதம், ஜெபம். குடும்பத் தலைவன்தான் ஜெபம் சொல்ல வேண்டும். மாலகி கல்யாணமான நாளிலிருந்து கையை ஆட்டி மசினாவிடம் தள்ளிவிடுவான். "தெரியாத ஆளுகிட்ட நான் என்ன பேசறது?" என்பான்.

அன்றைக்கும் அவள்தான் சொன்னாள். ஆப்பியா நகரத்தில் வேலை பார்க்கும் மகள் சினலெய்க்காக, மழைக்காக, எதிர்வீட்டுப் பிரசவத்துக்காக வேண்டினாள். பிறகு குரல் இறங்கியது.

"ஆண்டவரே, அக்குள்ல இருக்கிற அந்தக் கட்டி முன்னைக்கு இப்ப பெருசாயிருக்கு. உம்மகிட்டதான் சொல்லியிருக்கேன். எனக்குப் பயமாயிருக்கு."

மாலகி கண்ணைத் திறந்தான். எந்தக் கட்டி? அவள் ஆமென் சொல்லும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

"எத்தனை நாளா?"

"கிழங்கு நட்டப்பவே இருந்துச்சு."

"இப்ப கிழங்கைத் தோண்டியே தின்னாச்சு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நீ பயப்படுவ" என்றாள் மசினா. "அவருகிட்ட சொன்னா அவரு பயப்பட மாட்டாரு."

அந்த ஊர் வீடுகளுக்குத் தூணும் கூரையும்தான், சுவர் கிடையாது; பேசினதெல்லாம் வெளியே கேட்கும். மறுநாள் பஸ்ஸில் ஏறிய எதிர்வீட்டுக்காரி, "மசினாவுக்குக் கட்டியாமே, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று கேட்டாள். கடவுளுக்கு அடுத்தபடியாகக்கூட அவனுக்கு இடமில்லை. ஊரோடு ஊராகத் தெரிந்துகொண்டிருக்கிறான். அவமானத்தில் கியரை முறித்துவிடுவதுபோல் போட்டான்.

கப்பலேறி ஆப்பியா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுத்து எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார் டாக்டர். மாலகி கட்டில் பக்கத்திலேயே நின்றான்.

"நீ கெளம்பு. சினலெய் இருக்கா. பஸ் ஓடலன்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எதுல போகும்?"

"துணைக்கு நான் இருக்கறேனே."

"துணைக்கு ஆண்டவர் இருக்காரு."

இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? கிளம்பிவிட்டான்.

மறுநாள் அறுவை. அன்று சாயங்காலம்வரை சினலெய் போன் செய்யவில்லை. சங்கு ஊதியது. சுற்றிலும் எல்லா வீட்டிலும் பாட்டு எழும்பியது, அவன் வீடு மட்டும் ஊமையாகக் கிடந்தது. பாயில் தனியாக உட்கார்ந்தான். டயரைப் பற்றி யோசிக்கப் பார்த்தான், முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது.

"நீர் இருக்கீரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இருந்தா கேளும். அவளுக்குச் சோறு போட்டது நான். காய்ச்சல்ல கால் பிடிச்சது நான். கட்டி வந்தா மட்டும் சேதி உமக்கா? ஒரு வார்த்தை, உம்புருஷன்கிட்ட சொல்லுடின்னு சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டுட்டு சும்மா இருந்தீரே, நீரெல்லாம் ஒரு பெரிய மனுஷனா?"

தெருவில் காவல் நின்ற பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாலகி ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்தான்.

காலையில் போதகர் பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். "நேத்து உங்க ஜெபம் என் வீடுவரைக்கும் கேட்டுது, மாலகி."

"அது ஜெபமில்ல போதகரே, சண்டை."

"அப்ப நம்பறீங்க."

"நம்பலை. ஆனா ஆள் இல்லாம சண்டை போட்ட மாதிரியும் இல்ல. அதுதான் எனக்கும் புரியல."

போதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மசினா முழித்துக்கொண்டுவிட்டாள் என்று மத்தியானம் சினலெய் சொன்னாள். சோதனை முடிவு வர நாளாயிற்று. அத்தனை சாயங்காலமும் மாலகி பாயில் உட்கார்ந்து சண்டை போட்டான். நிறுத்தத் தோன்றவில்லை.

கட்டி கெட்டதில்லை என்று வந்தது. மசினா கப்பலிலிருந்து இறங்கியதும் முதலில் சொன்னது "நன்றி ஆண்டவரே". அப்புறம்தான் "மாலகி" என்றாள்.

"கத்தி பிடிச்சது டாக்டர்" என்றான் அவன். அந்தக் குணம் போகவில்லை.

அன்றைக்குச் சங்கு ஊதியபோது அவன் கையை ஆட்டித் தள்ளவில்லை. மசினா ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"நீர் இருந்தா நீர் கேளும். இல்லன்னா பக்கத்துல உக்காந்திருக்கறவ கேக்கட்டும்" என்று ஆரம்பித்தான். "அவளை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தேனே, அன்னிக்குக் கப்பல்துறையைத் தாண்டினதும் பஸ்ஸை ஓரமா நிறுத்தி அழுதேன். ஜனமெல்லாம் பாத்துச்சு. அவ போயிட்டா நான் பஸ்ஸை வித்துட்டு எங்கேயாவது போயிடறதுன்னு இருந்தேன். அவ இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் எப்படித் திரும்பறதுன்னு எனக்குத் தெரியல. ஆமென்."

மசினா பாயைவிட்டு எழவில்லை. முகம் சிவந்திருந்தது.

"இதெல்லாம் எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

"உங்கிட்ட சொன்னா நீ பயப்படுவ."

அவள் அவனை முறைத்தாள். பிறகு கூரையைப் பார்த்தும் ஒரு முறை முறைத்தாள், கூட இருந்து ஏமாற்றியவரைப் பார்ப்பதுபோல. மாலகிக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று.