சேவல் கேட்காத சாமி

என் மகளின் இரண்டு கால்கள் மட்டும் கல்லுக்கு வெளியே தெரிந்தன. போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அணுபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இடிந்து கிடக்கும் சமணக் கோயிலைக் காட்ட அவளை அழைத்துப் போயிருந்தேன். சரிந்த கூரைக்கல்லுக்கு அடியில் ஏதோ சிற்பம் தெரிகிறது என்று ஊர்ந்து நுழைந்தாள். கவுன் எங்கோ மாட்டிக்கொண்டது. நான் கால்களைப் பிடித்து இழுத்தேன். மேலிருந்து மண் கொட்டியது.

"இழுக்காதீங்கம்மா! கல்லு எறங்கிடும்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார், அங்கே காவல் பார்த்த அண்ணன். காக்கிச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்து, உள்ளே பேச்சுக் கொடுத்தார்.

"பாப்பா, உள்ள இன்னா கீது?"

"பல்லி." அழுகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எத்தினி?"

"ரெண்டு."

"இன்னா பண்ணிக்கினு கீதுங்க?"

"சும்மா இருக்கு."

"நீயும் அதுங்களாட்டம் சும்மா இரு. மாமா கை வுடறேன்."

ஒரு கையை மட்டும் உள்ளே விட்டு, பிளேடால் துணியை அறுத்தார். அந்த நேரத்தில், எதிரே புளியமரத்தடியில் அமர்ந்திருந்த தீர்த்தங்கரர் சிலையிடம் வேண்டிக்கொண்டேன்: குழந்தை வந்துவிட்டால் உனக்கு ஒரு சேவல். சற்று முன்புதான், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் இவர் என்று மகளுக்குப் பாடம் நடத்தியிருந்தேன். சுற்று ஊர்க்காரர்களுக்கு அவர் முனீஸ்வரன். நெற்றியில் குங்குமம், காலடியில் எலுமிச்சை. பயத்தில் எனக்கும் முனீஸ்வரனாகிவிட்டார்.

மகள் ஒரு கீறலோடு வெளியே வந்தாள்.

மறுவாரம் அவளையும் கூட்டிக்கொண்டு, பையில் ஒரு சேவலோடு போனேன். அண்ணன் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊரு ஜனங்கதான் தெரியாம கொண்டாருதுன்னா, படிச்சவங்க நீங்களுமா?" என்று சிரித்தார். "அவரு உசுரு கேக்காத சாமிம்மா. அவுத்து வுடுங்க." இடிந்த மண்டபத்தைச் சுற்றி ஏழெட்டுச் சேவல்கள் மேய்வதை அப்போதுதான் கவனித்தேன். எல்லாம் வேண்டுதல்கள். நேர்ந்துகொண்டவர்களைக் கோபிக்காமல், கத்தியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

இப்போது அவருக்கு வேறு இடத்துக்கு மாற்றல். கோயிலுக்குக் கம்பிவேலி வந்துவிட்டது. மகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். எனக்கோ, அவள் குளியலறையில் தாழ் போட்டால்கூட நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்போதெல்லாம் சேவலோடு போன அந்த நாளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். சிலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். நான் அவள் மணிக்கட்டை விடவில்லை.

"வுடுங்கம்மா, கொயந்த கை செவந்து கீது," என்றார் அண்ணன். "கல்லாண்ட நான் கீறேன்ல."

விட்டேன். பத்தடிதான் நடந்தாள். அந்தப் பத்தடியும் அவளுக்கும் சரிந்த கல்லுக்கும் நடுவே அவர் நடந்தார்.